திரையில் பளிச், அச்சில் இருட்டு: மானிட்டர் கேலிப்ரேஷன் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா படம் எடுப்பவர்கள் கேட்டவை. கேலிப்ரேஷன் என்றால் திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரு நிலையான அளவுக்குச் சரிசெய்வது.

அண்ணே, கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கும் படம் ஈப்போ பிரிண்ட் லேப்பிலிருந்து வந்தால் எல்லாமே இருட்டாக இருக்கிறது. லேப்பை மாற்றலாமா?

லேப்பை விடுங்கள் தம்பி, மானிட்டர் வெளிச்சத்தைப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓடும் மானிட்டர் பெரும்பாலும் 250 கேண்டலாவுக்கு (சதுர மீட்டருக்கான வெளிச்ச அளவு) மேல் எரியும். அச்சுக்குப் படம் திருத்த 80 முதல் 120 வரை போதும். திரை அதிகமாக எரிந்தால் படம் வெளிச்சமாக இருப்பதாகக் கண் நம்பும், கை எக்ஸ்போஷரைக் குறைக்கும். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, குறைத்தது குறைத்ததுதான்.

திரையில் ஒட்டி வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்கும் மீட்டர் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்துவையுங்கள். அறை விளக்கு படும்படி ஒரு வெற்றுப் போட்டோ பேப்பரைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். பல மானிட்டர்களில் எண் 20, 30க்கு இறங்கிவிடும். முதலில் மங்கலாகத்தான் தோன்றும், சற்று நேரத்தில் கண் பழகிவிடும்.

மீட்டர் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

மீட்டரை ஒட்டுமுன் செய்ய வேண்டியதுதான் அதிகம். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், சூடாகும்வரை நிறமும் வெளிச்சமும் நகர்ந்துகொண்டே இருக்கும். விண்டோஸில் நைட் லைட்டை நிறுத்துங்கள். மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ, புளூ லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் மீட்டர் அளக்கும்போதே திரை தானாக மாறி, புரொஃபைல் (அந்தத் திரையின் நிறத்தன்மையைப் பதிந்த கோப்பு) பாழாகும். பிறகு மோடை 'யூசர்' அல்லது 'கஸ்டம்' என்று வையுங்கள். எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற வரம்பு) மோடில் பல மானிட்டர்கள் பிரைட்னஸையும் ஆர்ஜிபி அளவையும் பூட்டிவிடும்.

இலக்கு: வெள்ளையின் நிறம் 6500 கெல்வின், காமா (நடு நிறங்களின் வெளிச்சச் சரிவு) 2.2, வெளிச்சம் 100 கேண்டலா. கான்ட்ராஸ்ட்டைத் தொட வேண்டாம். மீட்டரின் மென்பொருள் சொல்லச்சொல்ல பிரைட்னஸை மானிட்டர் பொத்தானிலேயே குறையுங்கள். வெள்ளை நீலம் அடித்தால் நீலத்தைக் குறையுங்கள், மற்ற இரண்டையும் ஏற்றப் போகாதீர்கள். ஏற்றினால் வெளிர்ப் பகுதிகளில் விவரம் அடைபடும். பொத்தானில் எவ்வளவு சரிசெய்கிறோமோ அவ்வளவு குறைவாகக் கிராஃபிக்ஸ் கார்டு திருத்தும். அதனிடமே எல்லாவற்றையும் விட்டால் சாம்பல் நிறச் சரிவில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

மென்பொருள் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) வகை கேட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள், மானிட்டரின் விவரக் குறிப்பைப் பாருங்கள். சாதாரண வெள்ளை எல்இடியும் அதிக நிறம் காட்டும் வைட் காமட் எல்இடியும் மீட்டருக்கு வேறு வேறு, மாற்றிக் கொடுத்தால் வெள்ளையே தவறும். அளக்கும்போது வெயில் திரைமேல் விழக்கூடாது, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை திரும்பச் செய்தால் போதும்.

மீட்டருக்குச் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. பழையது ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பழைய மாடலாக இருந்தால் வேண்டாம். உள்ளே இருக்கும் வண்ண வடிகட்டி வயதாலும் ஈரத்தாலும் மாறிப்போயிருக்கும், தவறாக அளந்துவிட்டு 'சரி' என்று காட்டும். நம் ஊர் ஈரத்துக்குப் புதியதையும் கேமரா லென்ஸோடு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நாலைந்து ஸ்டூடியோ சேர்ந்து ஒன்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம், அது மாதத்தில் அரை மணி நேரம்தானே வேலை செய்கிறது.

கடையில் பார்க்கும்போது ஆல்பத்தில் முகங்கள் பச்சையாகத் தெரிகின்றன. வெளியே கொண்டுபோனால் சரியாக இருக்கிறது.

அது உங்கள் டியூப் லைட், ஐயா. மலிவான குழாயில் சிவப்பு ஒளி குறைவு, மாநிறத் தோல் அதில் செத்துப்போகும். பெட்டியில் 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் என்று போட்ட விளக்கை ஆல்பம் பார்க்கும் மேசைக்கு மட்டும் மாட்டுங்கள். அச்சுப் பார்க்கும் ஐஎஸ்ஓ 3664 தரமும் 5000 கெல்வினைத்தான் கேட்கிறது. மேசைக்குப் பின்சுவர் பச்சை, ரோஸ் பூச்சாக இருந்தால் வெளிர் சாம்பல் அடித்துவிடுங்கள்.

மணப்பெண்ணின் குங்குமமும் சிவப்புப் பட்டும் அச்சில் ஒரே தட்டையான சிவப்பாகின்றன. கேலிப்ரேஷன் செய்த திரைதான்.

திரை காட்டும் சில சிவப்புகளை மை போடவே முடியாது. எந்தக் கேலிப்ரேஷனும் அதை மாற்றாது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ள மட்டும் முடியும். லேப்பிடம் அவர்கள் பேப்பரில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைலைக் கேளுங்கள். ஃபோட்டோஷாப்பில் வியூ, புரூஃப் செட்டப், கஸ்டம் போய் அதைத் தேர்ந்து பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனை டிக் செய்யுங்கள். கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் அச்சு எப்படி வரும் என்று தெரியும். அச்சில் வராத நிறங்களை மாற்றும் முறைகளான ரெலடிவ் கலரிமெட்ரிக், பெர்செப்ச்சுவல் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். பட்டுக்குப் பெரும்பாலும் பெர்செப்ச்சுவல் மடிப்புகளைக் காப்பாற்றும். பிறகு சிவப்பின் சாச்சுரேஷனை மட்டும், அதுவும் சேலையை மாஸ்க் செய்து இறக்குங்கள். படம் முழுக்க இறக்கினால் முகம் வெளுக்கும்.

லேப்புக்கு ஃபைல் எப்படிக் கொடுப்பது?

லேப் வேறு கேட்காதவரை எஸ்ஆர்ஜிபி ஜேபெக், புரொஃபைல் உள்ளேயே சேர்த்து. 4ஆர் (4 x 6 அங்குலம்) என்றால் 1200 x 1800 பிக்சல், 8ஆர் (8 x 10 அங்குலம்) என்றால் 2400 x 3000. அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி நிற வரம்பில் கொடுத்தால் புரொஃபைலைப் படிக்காத இயந்திரத்தில் படம் சோர்ந்துபோய் வரும்.

'ஆட்டோ கரெக்ஷன் போட வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இரவுத் தேர் ஊர்வலப் படத்தில் முக்கால்வாசி கறுப்பு. இயந்திரம் அதைக் குறை என்று நினைத்து வெளிச்சம் ஏற்றும், வானம் சாம்பலாகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

வீட்டு இங்க்ஜெட்டில் எல்லாமே சிவப்படிக்கிறது.

ஃபோட்டோஷாப், பிரிண்டர் என்று இரண்டு பேர் ஒரே திருத்தத்தைச் செய்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் 'ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' போட்டிருந்தால் பிரிண்டர் டிரைவரில் கலர் மேனேஜ்மென்ட்டை 'ஆஃப்' செய்ய வேண்டும். பேப்பர் வகையையும் பாருங்கள்: மேட் பேப்பரை வைத்துவிட்டு கிளாஸி என்று சொன்னால் மை அளவு தவறி நிழல் அடைக்கும். மழை நாளில் மை காய நேரமாகும். சூடாக வந்த அச்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மறுநாள் பாருங்கள்.

பழைய டிவியை மானிட்டராக ஓட்டுகிறேன், கறுப்பு வெளுத்துத் தெரிகிறது.

எச்டிஎம்ஐயில் கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவைச் சுருக்கி அனுப்பும் 'லிமிடெட்' ரேஞ்ச் போகிறது. கார்டு செட்டிங்கில் ஃபுல், அதாவது 0-255 ஆக்குங்கள். டிவியிலும் அதையே வையுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

இரண்டு மானிட்டரையும் ஒரே இலக்குக்குக் கேலிப்ரேட் செய்தும் நிறம் ஒத்துவரவில்லை.

பேனலும் பேக்லைட்டும் வேறானால் முழுக்க ஒத்துவராது. ஒன்று டிஎன் பேனலாக இருந்தால் தலையை அசைத்தாலே நிறம் மாறும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத நல்ல ஐபிஎஸ் பேனலில் படத்தை வையுங்கள், மற்றதில் டூல் பேனல்களும் வாட்ஸ்அப்பும் இருக்கட்டும்.