நிலுவை எது, தவணை எது? இலங்கைத் தபால் ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2025 ஏப்ரலில் அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா என்றார்கள். கையில் கூடியது ஆறாயிரம்கூட இல்லை. மிச்சத்தை நிலுவையாகக் கேட்கலாமா? (தபாற்காரர், வாழைச்சேனை)

முடியாது. ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆனது உண்மை, வித்தியாசம் 15,750. ஆனால் நீங்கள் முன்பே தனியாகப் பெற்றுவந்த 7,500 ரூபாக் கொடுப்பனவுகளும் அதற்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆகவே தேறிய அதிகரிப்பு 8,250. அதில் 5,000 ரூபாவும், மீதி 3,250 இல் 30 வீதமான 975 ரூபாவும் 2025 ஏப்ரலிலிருந்து. எஞ்சிய 2,275 இல் பாதி 2026 ஜனவரிக்கு, மறுபாதி 2027 ஜனவரிக்கு. தவணை வைத்தே அறிவித்த பணம் நிலுவையாகாது. 40,000 என்று முழங்கியவர்கள் 8,250 என்பதையும் அதே சத்தத்தில் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: கண்டியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு மாற்றலாகி வந்தேன். என் தனிப்பட்ட கோவை வந்துசேரத் தாமதமானதால் 2023, 2024 வருடாந்தச் சம்பள ஏற்றங்கள் சேரவில்லை. ஏற்றம் மாதம் 250 ரூபா. இரண்டு வருடத்துக்கு 6,000 என்று கணக்கிட்டேன். சரியா? (தபால் ஊழியர்)

இதுதான் நிலுவை. கணக்குத்தான் உங்களுக்கே நட்டமாக இருக்கிறது. முதல் வருடம் மாதம் 250 வீதம் 3,000. இரண்டாம் வருடம் இரண்டு ஏற்றங்களும் சேர்ந்து மாதம் 500, அது 6,000. மொத்தம் 9,000. அதோடும் முடியவில்லை. 2025 இல் புதிய சம்பளத் திட்டத்துக்கு மாற்றும்போது நீங்கள் இருந்த சம்பளப் படியை (சம்பள அளவில் எத்தனையாவது நிலை என்பதை) பார்த்தே புதிய படி தீர்மானிக்கப்பட்டது. பழைய படி பிழையென்றால் புதியதும் பிழை. இப்போது ஆகக் குறைந்த ஏற்றமே 450 ரூபா என்பதால் மாதாந்த இழப்பும் பெரிது. ஓய்வூதியம் வரை தொடரும்.

எனவே “நிலுவை தாருங்கள்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தத் தினத்து ஏற்றம், எந்தப் படியில் நான் இருக்க வேண்டும், எந்தப் படியில் வைத்திருக்கிறார்கள் என்று மூன்றையும் எழுதி, சம்பளப் பட்டியல் பிரதிகளை இணைத்து, தபாலதிபர் ஊடாகப் பிரதேச தபால் அத்தியட்சகருக்கு அனுப்புங்கள். கடிதங்களை வீடுவீடாகக் கொடுப்பவர்கள் தம் கடிதத்துக்கு மட்டும் பதிவுத்தபால் சிட்டை வைத்திருப்பதில்லை! பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோவையின் நிலையைக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கத்துக்கு ஒப்புக்கொண்டதைத் தபால் திணைக்களம் நிறைவேற்றவில்லை. தொழில் திணைக்களத்தில் முறையிடலாமா? (காத்தான்குடி)

பயனில்லை. தோட்டத்திலோ தனியார் கம்பனியிலோ கைச்சாத்தாகும் கூட்டு ஒப்பந்தம் சட்டப்படி பிணிக்கும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 49 ஆம் பிரிவோ அரசு தொழில்தருநராக இருக்கும் இடத்தை அச்சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. தபால் ஊழியருக்குச் சம்பளம் சுற்றறிக்கையால் வருகிறது. 2018 ஜூன் வேலைநிறுத்தமானாலும் 2025 ஆகஸ்ட் வேலைநிறுத்தமானாலும், மேசையில் பேசியது சுற்றறிக்கையாகவோ திணைக்களக் கடிதமாகவோ வராதவரை உங்கள் கணக்காளர் ஒரு சதமும் கூட்ட முடியாது. சங்கத்திடம் கேட்க வேண்டியது “என்ன பேசினீர்கள்” என்பதல்ல, “எந்தக் கடிதம், என்ன திகதி” என்பதே.

உங்களை மட்டும் பாரபட்சமாக ஒதுக்கியிருந்தால் அது வேறு கதை. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது.

கேள்வி: 2017 இல் ஓய்வுபெற்றேன். ஓய்வூதியத் திருத்தத்துக்குப் பின்னோக்கிய நிலுவை உண்டா? (திருக்கோவில்)

இல்லை. 2020 ஜனவரி 1 க்கு முன் ஓய்வுபெற்றோருக்கு 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் திருத்தம் என்பதே அறிவிப்பு. உங்கள் கட்டத்துக்குரிய ஜூலைக்குப் பிறகும் தொகை மாறாமல் இருந்தால், அந்த மாதத்திலிருந்து நிலுவை உண்டு. பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவுக்கு ஓய்வூதிய இலக்கத்தோடு போங்கள்.