மறுப்புக்கும் மரியாதை உண்டு

கேள்வி: லண்டன் அலுவலகத்தோடு தினமும் போனில் பேசும் வேலை எனக்கு. ஒரு வேலையை அடுத்த புதன்கிழமைதான் முடிக்க முடியும் என்றேன். அங்குள்ள மேலாளர் ‘வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கி, வெள்ளிக்கிழமையே வேண்டும் என்றார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாரே என்று நன்றி சொன்னேன். பிறகு அந்த டீமில் இருக்கும் தோழி, ‘டோன்ட் பி எ டோர்மேட், புட் யுவர் ஃபுட் டவுன்’ என்றாள். என்னை மிதியடி என்கிறாளே! அவளிடம் நான் பேசுவதே இல்லை. சண்டை போடச் சொல்கிறாளா?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் தோழிக்கு போன் போடுங்கள், சகோதரி. ‘எல்லாரும் உன் தலையில் மிளகாய் அரைக்க இடம் கொடுக்காதே’ என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் மேல் அக்கறை இருப்பவர் பேசும் பேச்சு அது.

மேலாளர் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. இங்கிலாந்து நீதிமன்றங்களில் நீதிபதியின் கருத்தை மறுக்கும் வழக்கறிஞர் ‘வித் ரெஸ்பெக்ட்’ என்பார். மறுப்பு வலுக்க வலுக்க ‘கிரேட் ரெஸ்பெக்ட்’, ‘கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்’ என்று மரியாதையும் ஏறும். அதாவது, உங்கள் புதன்கிழமையை அவர் துளியும் ஏற்கவில்லை. நீங்கள் நன்றி சொன்னதை வெள்ளிக்கிழமைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். இன்றே மெயில் அனுப்பித் தெளிவுபடுத்திவிடுங்கள்.

‘புட் யுவர் ஃபுட் டவுன்’ என்றால், முடியாததை முடியாது என்று உறுதியாகச் சொல்வது. எதிரி நெருங்கியும் பீரங்கியை விட்டு ஓடாதவர்களை வைத்து வந்த ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ஸும் இதே ரகம். ஆனால், இவற்றை மேலாளரிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள். ‘ஐ அம் புட்டிங் மை ஃபுட் டவுன்’ என்றால், அடம்பிடிக்கும் பிள்ளையை அதட்டுவதுபோல் இருக்கும். ‘அவள் அன்று அசையவே இல்லை’ என்று பிறரிடம் சொல்லத்தான் இவை பொருந்தும்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘ஐ அம் அஃப்ரெய்ட் வீ கான்ட் டூ திஸ் பை ஃப்ரைடே. வீ கேன் டூ இட் பை வெட்னஸ்டே.’ அந்த ‘அஃப்ரெய்ட்’டில் பயம் எதுவும் இல்லை, நாம் ‘மன்னிக்கணும்’ என்று தொடங்குவோமே, அதுதான். பணிவு அதிலேயே வந்துவிட்டது. மேற்கொண்டு நாலு ‘சாரி’ வேண்டாம். நம்மில் பலரும் முடியாது என்று சொன்ன கையோடு காரணங்களை அடுக்க ஆரம்பித்துவிடுகிறோம். எதிராளி அதில் சொத்தையான ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மொத்த மறுப்பும் சரிந்துவிடும். ஒரே காரணம், ஒரு மாற்றுத் தேதி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வெள்ளிக்கிழமை என்றால், குரலை உயர்த்தாமல் அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள்.