ஆபீஸ் லேப்டாப் கை மாறும்போது: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வேலையை விட்டபோது, நான் பயன்படுத்திய லேப்டாப்பை நிறுவனத்திடமே விலைக்கு வாங்கிக்கொண்டேன். இப்போது தம்பிக்குக் கொடுக்கலாம் என்று ரீசெட் செய்தேன். வைஃபை இணைத்ததும் பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அலுவலக மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. விண்டோஸைப் புதிதாக ஏற்றியும் அதே நிலைதான். எஸ்.எஸ்.டி.யை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பூட்டு டிஸ்கில் இல்லை. உங்கள் லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தை, மதர்போர்டின் விவரங்களோடு சேர்த்து, நிறுவனம் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கிறது. செட்டப் நடக்கும்போது இணையம் கிடைத்த உடனே விண்டோஸ் அந்தப் பதிவைத் தேடிப் பார்க்கிறது. எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் அதே திரையில்தான் வந்து நிற்கும்.

பதிவை நிறுவனம்தான் நீக்கித் தர வேண்டும். லேப்டாப்பின் அடிப்பக்கத்திலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) இருக்கும் சீரியல் நம்பரைக் குறித்து, வாங்கியதற்கான ரசீதோடு ஐ.டி. பிரிவுக்கு எழுதுங்கள். இன்ட்யூன் (நிறுவனங்கள் தம் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், ஆட்டோபைலட் சாதனப் பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டும் என்று இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள். முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது எளிதாக நேரும் தவறு. உங்களை நிறுத்தி வைத்திருப்பதோ இரண்டாவது. நீக்கிவிட்டதாகப் பதில் வந்ததும் இன்னொரு முறை ரீசெட் செய்து, இணையத்தை இணைத்தபடியே செட்டப்பை ஓட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் வரவில்லை என்றால்தான் லேப்டாப் உங்களுடையது.

இணையம் இல்லாமல் செட்டப்பை முடித்து இந்தத் திரையைத் தாண்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பதிவு அப்படியே இருக்கும். ஒரு வருடம் கழித்து உங்கள் தம்பி ரீசெட் செய்யும் நாளில் பூட்டு திரும்ப வரும். அப்போது நிறுவனத்தில் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது.

ஐ.டி. பிரிவிடம் பேசும்போதே இன்னும் இரண்டைக் கேட்டு முடித்துவிடுங்கள். பயாஸுக்கு சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிசினஸ் ரக லேப்டாப்புகளில் அது அழியாத நினைவகச் சிப்பில் இருப்பதால், மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் என்ற சிறு பேட்டரியைக் கழற்றி மாட்டுவதால் போகாது. பல மாடல்களில் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். அடுத்து, பயாஸில் அப்சல்யூட் என்ற பகுதி ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸை அழித்தாலும் தன்னைத் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும் கண்காணிப்பு மென்பொருள் அது. அதையும் நிறுவனம்தான் விடுவிக்க வேண்டும்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான்: முதலில் நிறுவனம் ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் என்ற நிறுவனப் பதிவுச் சேவையிலிருந்து விடுவிக்க வேண்டும், பிறகு நீங்கள் தொலைந்த சாதனத்தைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். அழிப்பது கடைசியில்தான்.

கேள்வி: டிஸ்கை ஏழு முறை மேலெழுதினால்தான் பழைய ஃபைல்கள் மீளாது என்கிறார்களே?

பதில்: சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு முழுதாக ஒரு முறை மேலெழுதினால் போதும். எஸ்.எஸ்.டி.க்கு ஏழு முறை எழுதினாலும் முழு உத்தரவாதம் இல்லை. செல்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். நம் கண்ணுக்குக் காட்டாத உபரி இடமும் உள்ளே உண்டு. பழைய தகவல் அங்கே தங்கிவிடலாம், டிஸ்கின் ஆயுளும் வீணாகக் குறையும்.

எஸ்.எஸ்.டி.க்குள்ளேயே இருக்கும் அழிக்கும் கட்டளையைப் பயன்படுத்துவதுதான் சரியான வழி. டெல் பிசினஸ் மாடல்களின் பயாஸில் டேட்டா வைப் என்றும், எச்.பி.யில் செக்யூர் இரேஸ் என்றும் அது இருக்கும். சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அதற்குப் பின் லேப்டாப்பில் எதுவுமே இருக்காது. ஆகவே விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவை (குறைந்தது 8 ஜி.பி.) முன்பே தயார் செய்து, அதிலிருந்து பூட் ஆகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் இன்னொரு இடத்தில் பலர் தடுக்கி நிற்கிறார்கள்: இன்ஸ்டாலர் டிஸ்க் எதையும் காட்டாது. எஸ்.எஸ்.டி. கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பயாஸில் வி.எம்.டி. என்ற இன்டெலின் டிஸ்க் நிர்வாக வசதி இயக்கத்தில் இருப்பதுதான் காரணம். அதற்கான இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவர் மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

பயாஸில் அழிக்கும் வசதி இல்லையென்றால், டிஸ்க் முழுவதையும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் என்கிரிப்ட் செய்துவிட்டு (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டு) ரீசெட் செய்யுங்கள். 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்ற தேர்வு வேண்டாம். அதைத் தேர்ந்தால் ஏற்கெனவே டெலீட் செய்த ஃபைல்கள் என்கிரிப்ட் ஆகாமல் அப்படியே கிடக்கும். ரீசெட்டில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு நின்றுவிடாமல், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்ய வேண்டும். தானாக அது ஆன் ஆகியிருக்காது.

கேள்வி: விண்டோஸ் ஆக்டிவேஷன் புது ஆளிடம் போனபின் நிலைக்குமா?

பதில்: அழிப்பதற்கு முன் செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை என்று அங்கே எழுதியிருந்தால் அது கடன் வாங்கிய உரிமம். நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இல்லாவிட்டால் 180 நாளில் காலாவதியாகும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் கீ (உரிம எண்) மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனை (ஹோம், ப்ரோ போன்ற வகை) புதிதாக ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். போர்டில் இருப்பது ஹோம் கீ என்றால் இன்ஸ்டாலர் கேட்காமலேயே ஹோமைத்தான் ஏற்றும், அது பிழையல்ல.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதைவிடப் பழைய லேப்டாப் என்றால் லினக்ஸ் ஏற்றிக் கொடுப்பதே நேர்மை.

கேள்வி: என் ஃபைல்களை எல்லாம் பேக்கப் எடுத்தாயிற்று. வேறு எதையாவது மறந்திருப்பேனா?

பதில்: பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக கணக்கில் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி. விண்டோஸ் ஹலோவில் (முகம், கைரேகை, பின் மூலம் திறக்கும் வசதி) சேமித்த பாஸ்கீ அந்த லேப்டாப்பின் டி.பி.எம். சிப்போடு கட்டுண்டது என்றால், அழித்தபின் திரும்ப வராது. அந்தந்தக் கணக்கில் ஃபோனை வைத்து இன்னொரு பாஸ்கீ உருவாக்கிய பிறகே அழியுங்கள். மெமரி கார்டு, சிம், யு.எஸ்.பி. துளையிலேயே இருக்கும் மவுஸ் ரிசீவர் ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாங்குபவரிடம் பேட்டரியைப் பற்றி எப்படிச் சொல்வது? எந்த நிலையில் லேப்டாப்பைக் கையில் கொடுப்பது?

பதில்: அழிப்பதற்கு முன்பே விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி 50,000 என்றும், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 31,000 என்றும் இருந்தால் மிச்சம் 62 சதவீதம். அந்த எண்ணையே சொல்லுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, மாற்றிய பிறகே கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் தூசியை நீக்க ஃபேனில் காற்றடிக்கும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

விண்டோஸ் ஏற்றி முடிந்ததும், எந்த நாடு என்று கேட்கும் முதல் திரையிலேயே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். உங்கள் கணக்கால் லாகின் செய்து பார்க்க வேண்டாம். சார்ஜரோடு பெட்டியில் வையுங்கள். மறுநாள் திறப்பவர் தன் பெயரைப் போட்டுத் தொடங்கிக்கொள்வார்.