லாண்ட்மாஸ்டர் கேட்கிறது, பேத்தி சொல்வது கேட்கவில்லை

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, அரிசி மில்லில் 30 வருடம் வேலை செய்தவர். ஒழுங்கை முனையில் லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வந்தாலே 'ஆரோ வருகினம்' என்கிறார். பக்கத்தில் இருந்து பேத்தி கதைத்தால் மட்டும் 'என்ன, என்ன?' உரத்துச் சொன்னால் 'ஏன் கத்துறாய்?' என்று கோபம். நடிக்கிறாரா?

பதில்: நடிப்பில்லை. ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்த மீடிறனை, அதாவது ஒலி ஒரு செக்கனில் எத்தனை தரம் அதிர்கிறது என்பதை, நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்; அதன் அலகு ஹேர்ட்ஸ். லாண்ட்மாஸ்டரின் 'டக் டக்' பெரும்பாலும் சில நூறு ஹேர்ட்ஸுக்குள் அடங்கும் தாழ்ந்த ஒலி. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். ச, த, க, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தங்களோ 2000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். வயதும் மில் இரைச்சலும் முதலில் தின்பது இந்த மேல்பகுதியை. இரைச்சலால் வரும் பழுது பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸை ஒட்டித் தொடங்கும். ஷெல் சத்தத்துக்குள் இருந்த காதுகளிலும் இதைக் காணலாம். ஆகவே 'சட்டி' என்றாலும் 'தட்டி' என்றாலும் 'பட்டி' என்றாலும் அவருக்கு '..ட்டி' மட்டும்தான். சத்தம் வருகிறது, சொல் வரவில்லை.

கத்தினால் உயிரொலிதான் பெருக்கும், மெய்யொலி அந்தளவு பெருக்காது. கோபத்துக்குக் காரணம் வேறு. ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபெல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை: 10 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு, ஆனால் நல்ல காதுக்கு உரப்பு இரண்டு மடங்கு போலத்தான் தெரியும். உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் பழுதானவருக்கு இந்த ஏற்றம் செங்குத்தாகிவிடும். மெல்லியது கேட்காது, கொஞ்சம் கூட்டினால் காதைக் குத்தும். இரண்டுக்கும் இடையில் உள்ள இடம் ஒடுங்கிப்போய்விட்டது.

முதலில் காதுக்குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பியுங்கள். வீட்டில் நெருப்புக்குச்சியால் கிண்ட வேண்டாம், நான் வெளியே எடுத்த குச்சித் துண்டுகள் கொஞ்சமல்ல. குறும்பி என்றால் பொதுவாக எல்லாமே மங்கலாகத்தான் கேட்கும், உரத்துச் சொன்னால் விளங்கிவிடும். அப்பாவின் கதை அப்படித் தெரியவில்லை. காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேட்டல் பரிசோதனை செய்து, எந்த மீடிறனில் எவ்வளவு குறைவு என்ற வரைபடத்தை வாங்குங்கள். செவிப்புலன் கருவியை அதன்படிதான் சரிசெய்வார்கள். ஆருக்கோ வாங்கியதை இவருக்கு மாட்டினால், வேண்டாத லாண்ட்மாஸ்டரும் சேர்ந்து பெருக்கும்.

அதுவரை ரீவியை நிறுத்திவிட்டு, முகம் தெரியும்படி முன்னால் இருந்து ஆறுதலாகக் கதைக்கச் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்தால் 'பட்டி' உடனே பிடிபடும். ஒரு பக்கக் காது திடீரென்று அடைத்தது போலானால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.