அவர் உடம்பை விடுங்க, கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க

கேள்வி: எனக்கு 47 வயசு. பிபி மாத்திரை போடுறேன், முட்டி வலியும் இருக்கு. ஜிம்ல விசாரிக்கப் போனா, கட்டுமஸ்தா ஒரு தம்பிய காட்டி இவர்தான் உங்க பெர்சனல் டிரெய்னர், இன்னைக்கே 6 மாசத்துக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடிங்கிறாங்க. கட்டலாமா?

பதில்: இன்னைக்கு கட்டாதீங்க சகோதரி. யோசிக்க ஒரு நாள்கூட விடாம அவசரப்படுத்துறாங்கன்னா அது அவங்க வியாபாரம், உங்க உடம்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்தத் தம்பி உடம்பு நல்லா இருக்கறது அவர் உழைப்பு, சந்தோஷம், ஆனா உங்க முட்டிய வச்சுக்கிட்டு எப்படி வேலை வாங்கணும்னு அவருக்குத் தெரியுமாங்கிறது வேற விஷயம்.

அத எப்படிக் கண்டுபிடிக்கறது? முதல்ல, வெயிட்ட கையில குடுக்கறதுக்கு முன்னாடி அவர் உங்ககிட்ட என்ன கேக்குறார்னு பாருங்க. பார்-கியூன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, நெஞ்சு வலி உண்டா, தலை சுத்துமா, மூட்டுல பிரச்சனையா, என்ன மாத்திரை போடுறீங்கன்னு எல்லாம் அதுல வரும். உங்களுக்கு இதுல மாத்திரை கேள்வி ரொம்ப முக்கியம், ஏன்னா பிபிக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை போடுறவங்களுக்கு இதயத்துடிப்பு வழக்கமா ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது, அது தெரியாம வாட்ச்ச பாத்துட்டு இன்னும் வேகமா இன்னும் வேகமான்னு விரட்டினா ஆபத்து. பேச முடியுதா, மூச்சு எவ்வளவு வாங்குதுன்னு பாத்துதான் உங்களுக்கு அளவு வைக்கணும். அதே மாதிரி வெயிட் தூக்கும்போது மூச்ச அடக்கினா பிபி சட்டுனு எகிறும், மூச்ச விட்டுக்கிட்டே தூக்குங்கன்னு முதல் நாளே சொல்லித் தராதவர் உங்களுக்கு வேண்டாம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தீங்களான்னு அவரே கேட்டார்னா நல்ல அறிகுறி.

அடுத்து, அவர் வேற ஒருத்தருக்கு சொல்லிக் குடுக்கறத ஒரு அரை மணி நேரம் ஓரமா நின்னு பாக்க அனுமதி கேளுங்க. எனக்கு இதவிட நல்ல பரீட்சை தெரியாது. ஸ்குவாட்ல, அதாவது உக்காந்து எந்திரிக்கற பயிற்சில, பயிற்சி எடுக்கற அம்மாவோட முட்டி ரெண்டும் உள்பக்கமா மடங்குது, குதிகால் தரைய விட்டு எழும்புது, இவர் செல்போன பாத்துக்கிட்டே எட்டு, ஒம்பது, பத்துன்னு எண்ணிட்டு நிக்கிறாரா, கிளம்பி வந்துடுங்க. நல்ல டிரெய்னர் பக்கவாட்டுல போய் குனிஞ்சு பாப்பாரு, வெயிட்ட வாங்கி கீழ வச்சுட்டு பின்னாடி ஒரு நாற்காலிய போட்டு, இதுல உக்காந்து எந்திரிங்க அது போதும்பாரு. முட்டி வலிக்கு பயிற்சியே கூடாதுன்னு இல்ல, தொடையும் இடுப்பும் பலமானா முட்டிக்கு நல்லதுதான், ஆனா அத ஆளுக்கேத்த மாதிரி குறைச்சுக் குடுக்கத் தெரியணும்.

சர்டிபிகேட் கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஏசிஇ, ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ மாதிரி டிரெய்னர்களுக்கு பரீட்சை வச்சு சர்டிபிகேட் குடுக்கற அமைப்புகளோடதா இருந்தா நல்லது, காலாவதி தேதியும் பாருங்க, இதயம் நின்னுட்டா நெஞ்ச அழுத்திச் செய்யற முதலுதவியான சிபிஆர் பயிற்சி எடுத்திருக்காரான்னும் கேளுங்க. ஒரே மாசத்துல இத்தன கிலோ குறைப்பேன், தொப்பைய மட்டும் கரைப்பேன்னு வாக்கு குடுத்தா நம்பாதீங்க, ஒரு இடத்துக் கொழுப்ப மட்டும் குறிவச்சு கரைக்கற பயிற்சி கிடையாது. புரோட்டீன் பவுடர் டப்பா விக்க ஆரம்பிச்சாலும் அதே பதில்தான்.

வலி பத்தி ஒண்ணு. ரெண்டு மூணு நாள் தசை பிடிச்ச மாதிரி வலிக்கறது சகஜம், மூட்டுக்குள்ள சுருக்குனு குத்தினா அப்பவே நிறுத்தணும், அத பொறுத்துக்கச் சொல்ற டிரெய்னர் வேண்டவே வேண்டாம். கடுமையா செஞ்சதுக்கு அப்புறம் சிறுநீர் கரும்பழுப்பா போச்சுன்னா தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பணம்? ஒரே ஒரு செஷனுக்கு காசு குடுத்துப் பாருங்க, பிடிச்சா ஒரு மாசம். உடம்பு முடியாம போனாலோ, அவர் வேலைய விட்டுப் போனாலோ மீதிப் பணம் என்னாகும்னு எழுதி வாங்கிக்கோங்க. வாரம் முழுக்க டிரெய்னர் தேவையும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உழைப்பு, தசைக்கான பயிற்சி ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள் மட்டும் டிரெய்னரோட வச்சுக்கிட்டு, மத்த நாள் முட்டி தாங்கற அளவுக்கு நடங்க, அன்னன்னைக்கு என்ன செஞ்சீங்க எவ்வளவு வெயிட்டுன்னு ஒரு நோட்டுல அவரையே எழுதித் தரச் சொல்லுங்க, நாளைக்கு டிரெய்னர் மாறினாலும் அந்த நோட்டு உங்க கையில இருக்கும்.