விஸ்லர் பீட்டா 2 "காலாவதி"னு சொன்னா

ப்ரோ, கோத்தகிரில அப்பாவோட பழைய பென்டியம் 3 கம்ப்யூட்டர்ல விண்டோஸ் எக்ஸ்பியோட சோதனை பதிப்பு விஸ்லர் பீட்டா 2 போட்டா காலாவதி ஆயிடுச்சுன்னு நிக்குதுன்னு கேட்டிருக்கீங்க, சிடில கோளாறு இல்லங்க. விஸ்லர்தான் 2001 அக்டோபர்ல எக்ஸ்பின்னு வெளிய வந்துச்சு, அந்த சோதனை பதிப்புல டைம்பாம், அதாவது குறிச்ச தேதி தாண்டுனா நின்னுபோற மாதிரி ஒரு பூட்டு வெச்சிருப்பாங்க, இன்னைக்கு தேதிய பாத்தா ஓடவே ஓடாது.

பயாஸ்க்குள்ள (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வர்ற செட்டிங்ஸ்) போய் தேதிய 2001 ஏப்ரல்னு மாத்திட்டு அப்புறமா இன்ஸ்டால் பண்ணுங்க, முடிஞ்சப்புறமும் தேதிய திருப்பி மாத்தாதீங்க. ப்ளக்க புடுங்குனா தேதி போயிடுதுன்னா மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி செத்துருக்கும், வாட்ச் கடைலயே கிடைக்கும். நம்ம ஊர் பனிக்கும் ஈரத்துக்கும் அந்த ஹோல்டர்ல பச்சையா பூத்திருக்கும், மாத்தறப்பவே சுரண்டி துடைச்சிருங்க, இல்லன்னா புது பேட்டரி போட்டும் கரன்ட் போனா அதே கதைதான்.

விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டற சாஃப்ட்வேர்) போடறவங்களா இருந்தா, அதோட கெஸ்ட் அடிஷன்ஸ்ங்கற துணை சாஃப்ட்வேர் போட்டா தேதிய இன்னைக்கு தேதிக்கு இழுத்துரும், அந்த டைம் சிங்க ஆஃப் பண்ணனும்.

ஆனா ஒண்ணு, அந்த டிஸ்க்ல அப்பா போட்டோ எதாச்சும் இருந்தா மொதல்ல ஐடிஇ டு யூஎஸ்பி கேபிள்ல (பழைய ஹார்ட் டிஸ்க்க யூஎஸ்பில சொருகற கேபிள்) வேற கம்ப்யூட்டர்ல மாட்டி காப்பி எடுத்துருங்க, பீட்டாவ நம்பி ஃபார்மேட் பட்டன அமுக்காதீங்க. பீட்டா ஓடற கம்ப்யூட்டர்ல நெட் கேபிளும் மாட்ட வேணாம்.