டாக்டர் சீட் கிடைக்காத மகள் நூலகர் ஆகலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருத்துவப் படிப்புக்கு இரண்டு வருடம் முயன்றும் இடம் கிடைக்காத மகள், உயிரியலில் பட்டம் முடிக்கும் நேரத்தில், "நூலக அறிவியல் படித்து மருத்துவ நூலகர் ஆகப்போகிறேன்" என்கிறாள். "புத்தகத்தை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி அடுக்கவா இவ்வளவு படித்தாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. நூலகரின் மேசையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

மருத்துவமனை நூலகம் ஒன்றுக்கு ஒருவர் வந்து, "லிவர் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியைக் கைகாட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பழகிய நூலகர் அப்படிச் செய்ய மாட்டார். "எதுக்கு?" என்றும் கேட்க மாட்டார், அந்தக் கேள்வி சிலரை வாயடைக்க வைத்துவிடும். "எதைத் தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்பார். வந்தவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுக்கிறார். 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் குடிச்சதே இல்லை. வீட்டுல இதைக் காட்டினா நம்புவாங்களா?" என்கிறார்.

அவர் கேட்க வந்தது அதுதான். கல்லீரல் பற்றிய தடித்த பாடநூல் அதற்குப் பதில் சொல்லாது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் பொதுமக்களுக்காக நடத்திவரும் மெட்லைன்பிளஸ் தளத்தில், குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்று எளிமையாக விளக்கும் பக்கம் இருக்கிறது. நூலகர் அதைக் காட்டுகிறார். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள உதவுகிறார்: எடை குறைக்க வேண்டுமா, சர்க்கரை பரிசோதனை தேவையா, அடுத்த ஸ்கேன் எப்போது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இந்த எல்லையை உங்கள் மகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் ஆக ஆசைப்பட்டவளுக்கு இங்கேதான் சோதனை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வாய் துறுதுறுக்கும். நோயைச் சொல்வதும் மருந்தை மாற்றச் சொல்வதும் நூலகர் வேலை இல்லை. அடக்கிக்கொள்ள முடியாது என்று அவளுக்குத் தோன்றினால் இப்போதே வேறு வழி பார்ப்பது நல்லது. அதேபோல, யார் எந்த நோயைப் பற்றிக் கேட்டார்கள் என்பது அந்த மேசையை விட்டு வெளியே போகக் கூடாது.

அப்புறம், தேடுவது. "கூகுளில் யார் வேண்டுமானாலும் தேடலாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். தேடலாம்தான். ஆனால் 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடல் தளத்தில் மட்டும் மூன்றரைக் கோடிக்கும் அதிகமான கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தும் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்த மருந்தும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நாம் 'ஹார்ட் அட்டாக்' என்பது அதன் சொல்லடைவில் 'மையோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற தலைப்பின் கீழ் வரும். இந்தச் சொல்லடைவுக்கு மெஷ் என்று பெயர். அது கைவந்தால் தேடலே வேறு மாதிரி ஆகிவிடும். உயிரியல் படித்தவளுக்கு அதில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரியும்.

'ஆபத்து பாதியாகக் குறைந்தது' என்று ஒரு செய்தி வந்தால், எத்தனை பேரில் என்று பார்க்கவும் பழக வேண்டும். ஆயிரத்தில் இரண்டு பேர் ஒருவராகக் குறைந்தாலும் பாதிதானே! யார் எழுதியது, யார் பணம் கொடுத்தார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள், அதே பக்கத்தில் மாத்திரை விற்கிறார்களா என்று பார்ப்பது அவளுக்கு அனிச்சையாக வர வேண்டும். ஏஐ வந்துவிட்டதே என்ற கவலைக்கும் இதுதான் என் பதில். அது சில நேரம் எழுதப்படாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் கொடுத்துவிடும். அதை நம்பித் தேடி வருகிறவருக்கு, அப்படி ஒரு கட்டுரையே இல்லை என்று சரிபார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வேலை வாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நோயாளிகளுக்கு மட்டும் என்று இருக்கும் நூலகர் பணியிடங்கள் குறைவு. அதை மட்டுமே நம்பிப் படிக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரி நூலகம், மருந்து நிறுவனங்களின் தகவல் பிரிவு, முறைசார் மதிப்பாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் தேடித் திரட்டி எடைபோடுவது) செய்யும் ஆய்வுக் குழுக்கள் எல்லாம் இதே திறமையைத் தேடுகின்றன. அப்படிப்பட்ட மதிப்பாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் கையேடே தேடல் வேலையில் மருத்துவ நூலகரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1971 வாக்கில் ஜெர்ட்ரூட் லாம்ப் என்பவர் நூலகர்களை டாக்டர்களோடு வார்டுக்கே அனுப்பினார். இன்றும் சில மருத்துவமனைகளில் அப்படி வார்டுக்குப் போகும் நூலகர்கள் இருக்கிறார்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, பட்டத்துக்குப் பிறகு நூலக, தகவல் அறிவியலில் முதுகலை. கூடவே கொஞ்சம் புள்ளியியல். சேரும் முன், பாடத்திட்டத்தில் மருத்துவத் தரவுத்தளங்கள் உண்டா, பயிற்சிக்கு மருத்துவமனை நூலகத்துக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் நான் வேறு கல்லூரி பார்க்கச் சொல்வேன்.

பணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சொந்த மருந்துச் சீட்டில் உங்களுக்குப் புரியாத ஒன்றை அவளிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். அவள் நேராக போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறாளா, இல்லை முதலில் உங்களிடம் நாலு கேள்வி கேட்கிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அப்புறம் பேசலாம்.